பொக்காராவில் எட்டு நாள்: பூன் ஹில்லா, மார்டியா, ஏபிசியா?

கையில் எட்டு நாள், முதுகில் ஒரு பை, நேபாளத்தின் பொக்காரா போகிறேன், எந்தப் பாதையில் நடக்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த எட்டில் ஒரு நாளைச் சும்மா உட்கார்ந்து கழிக்க மனசு வருமா? வரும் என்றால் மேலே பேசலாம். வராது, எட்டு நாளும் நடந்தே தீர்வேன் என்றால் எந்தப் பாதையை எடுத்தாலும் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பத் தயாராக இருங்கள்.

முதல் தடவை நான் அப்படித்தான் திரும்பினேன். நாலு நாள் ஏறி அன்னபூர்ணா பேஸ் கேம்ப் (சுருக்கமாக ஏபிசி) போய்ச் சேர்ந்த மத்தியானம் எதிரே வெள்ளைச் சுவர். மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து, பல் கிட்டிப்போய் வெளியே நின்றால் அப்போதும் வெள்ளைச் சுவர். பொக்காராவிலிருந்து பஸ்ஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தேன், வேறு வழியில்லாமல் இறங்கிவிட்டேன். எனக்கு ஒரு நாள் பின்னால் வந்த ஒரு இஸ்ரேல்காரப் பையனுக்கு அடுத்த காலை துளி மேகமில்லாமல் திறந்துகொடுத்ததாம். கீழே வந்ததும் படத்தைக் காட்டினான். பார்த்துக்கொண்டே 'சூப்பர்' என்றேன், வயிறு எரிந்தது. இங்கே நான் போடும் கணக்கெல்லாம் அந்தப் படத்திலிருந்து வந்ததுதான்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பொக்காரா ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். மலை ஊர் என்று நினைத்துக் கம்பளியோடு இறங்குபவர்கள் மே மாதத்தில் வியர்த்து வழிவார்கள். ஆனால் ஃபேவா ஏரிக்கரையிலிருந்து நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர் சொச்சத்தில் மச்சபுச்சரே 6,993 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. மச்சம் என்றால் மீன், புச்சம் என்றால் வால், பேரிலேயே விளக்கம் இருக்கிறது, ஆனால் பொக்காராவிலிருந்து பார்த்தால் வால் தெரியாது, ஒற்றைக் கூர்முனைதான் தெரியும். இரட்டை முனையைப் பார்க்க மலைக்குள்ளே போக வேண்டும். 1957இல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் போன பிரிட்டிஷ் குழு உச்சிக்குச் சுமார் 45 மீட்டர் கீழே நின்று திரும்பிவிட்டது. அதற்கப்புறம் அந்த மலையை ஏற அனுமதி இல்லை, புனித மலை.

இவ்வளவு குறுகிய தூரத்தில் இவ்வளவு உயரம் என்பதில்தான் நமக்கு வேண்டிய விஷயம் ஒளிந்திருக்கிறது. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்று சூடாகிச் சரிவோடு மேலே ஏறும், ஏறியது குளிர்ந்து மேகமாகும். காலை ஆறு மணிக்குப் பளிச்சென்று தெரிந்த சிகரம் ஒன்பது, பத்து மணிக்குள் போர்வைக்குள் போய்விடுவது அதனால்தான். மழைக்காலத்தில் இதே சுவரில்தான் மேகங்கள் மோதிக் கொட்டுகின்றன. பொக்காராவிலிருந்து கந்தே தாண்டினால் வருகிற லும்லேயில் வருடத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, நேபாளத்திலேயே அதிக மழை வாங்கும் ஊர் அது. ஆக, இங்கே மலை பார்ப்பது என்பது காலையில் மூணு மணி நேரம் நடக்கும் ஒரு காட்சி, அதற்கு எத்தனை டிக்கெட் உங்கள் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உயரமான இடத்தில் ஒரே ஒரு காலை கிடைக்கிற திட்டத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்த இடத்தில் மூணு காலை கிடைக்கிற திட்டத்தையே நான் எடுப்பேன்.

எட்டு நாள் என்றால் எட்டு நாள் நடை இல்லை. முதல் நாள் வந்து இறங்கி, பெர்மிட் வாங்கி, ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு எடுத்து முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். கடைசி நாள் காலையிலேயே பஸ். நடுவில் மிச்சம் ஆறு நாள். இதை வைத்து பூன் ஹில், ஏபிசி, மார்டி ஹிமால் மூன்று பாதைகளையும் பார்க்கலாம்.

பூன் ஹில்லுக்கு நாலு நாள் போதும். முன்பெல்லாம் நயாபுல்லில் இறங்கி திர்கேதுங்கா வழியாக உல்லேரியின் மூவாயிரத்துச் சொச்சம் படிகளை ஏறித்தான் ஆக வேண்டும். இப்போது ஜீப் உல்லேரி வரைக்குமே போகிறது, முழங்கால் மேல் பிரியம் இருப்பவர்கள் அதில் போய்விடலாம். நான் படியில்தான் ஏறினேன். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், முழங்கால் அளவுக்கு ஒன்று, அடுத்தது சாண் அளவு, ஒரு தாளம் பிடிக்கவே விடாது. பாதி வழியில் மேலேயிருந்து மணிச் சத்தம் கேட்கும், கோவேறு கழுதைகள் காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் கட்டிக்கொண்டு இறங்கி வரும். அப்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் நிற்கவே கூடாது. சிலிண்டர் இடித்தால் அது மன்னிப்புக் கேட்காது.

கோரேபானி 2,860 மீட்டர், தூங்குவது அங்கே. விடியும் முன் டார்ச்சோடு 45 நிமிஷம் ஏறினால் 3,210 மீட்டரில் பூன் ஹில். தவுலகிரி (8,167 மீட்டர்) முதலில் சிவக்கும், அப்புறம் அன்னபூர்ணா சவுத், கடைசியில் வலது பக்கம் மச்சபுச்சரே. அழகுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அக்டோபரில் போனால் கல்யாண மண்டபப் பந்தியில் இடம் பிடிப்பது மாதிரி நிற்க வேண்டியிருக்கும், கூட்டத்தில் யாராவது ஒருத்தர் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார். எனக்கு அந்த வழியில் மிகவும் பிடித்தது பூன் ஹில் இல்லை. மறுநாள் தாடாபானி போகும் காட்டுப் பாதையும், அங்கிருந்து இறங்கினால் வருகிற காந்துருக் கிராமமும்தான். கல் வேய்ந்த கூரைகளும் குருங் மக்களின் வீடுகளுமாக ஊர் சரிவில் படிப்படியாக இறங்கும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அந்தக் காட்டில் லாலிகுராஸ் பூத்துக் கிடக்கும், நேபாளத்தின் தேசிய மலர், ரத்தச் சிவப்பு. அந்தச் சமயத்தில் மட்டும் நான் கேள்வி கேட்காமல் பூன் ஹில்லைத்தான் சொல்வேன்.

இதில் உயரத்தால் வரும் தொந்தரவு மிகக் குறைவு, படுக்கை தயார், சாப்பாடு தயார், பத்து வயதுப் பிள்ளைகளும் அறுபது தாண்டிய பெற்றோரும் நடப்பதைப் பார்க்கலாம். ஆறு நாளில் நாலு போக இரண்டு நாள் மிச்சம் இருக்கும், கோரேபானியில் ஒரு காலை மேகம் மூடினால் இன்னொரு காலை காத்திருக்கலாம். குறை என்னவென்றால், மலை எதிரே இருக்கும், நீங்கள் மலைக்குள் இருக்க மாட்டீர்கள். திரையரங்கில் பின்வரிசை டிக்கெட்.

ஏபிசி என்பது முன்வரிசை, மேடையிலேயே நாற்காலி போட்டது மாதிரி. 4,130 மீட்டரில் சுற்றிலும் வட்டமாக மலை: அன்னபூர்ணா சவுத், ஹியுன்சுலி, 8,091 மீட்டர் அன்னபூர்ணா ஒன்று, கங்கபூர்ணா, வந்த வழியில் மச்சபுச்சரே. 1950 ஜூன் 3 அன்று ஹெர்சோக்கும் லாஷனாலும் ஏறிய அன்னபூர்ணா ஒன்று, மனிதன் முதன்முதலாக உச்சி தொட்ட எட்டாயிரம் மீட்டர் மலை, அது இதுதான், ஆனால் அவர்கள் ஏறியது வடக்குப் பக்கத்தில், இங்கே தெரிவது தெற்கு முகம். 1997 கிறிஸ்துமஸ் அன்று இந்த மலையில் பனிச்சரிவில் இறந்துபோன மலையேறி அனத்தோலி புக்ரீவுக்கு ஒரு நினைவுக்கல் கேம்ப்புக்கு மேலே இருக்கிறது, பிரார்த்தனைக் கொடிகள் கட்டி. அங்கே நின்றால் பனிக்கட்டி உடையும் சத்தம் எங்கேயோ கேட்டுக்கொண்டே இருக்கும். மேகம் மூடியிருந்த அந்தக் காலையிலும் எனக்குக் கிடைத்தது அந்தச் சத்தம் மட்டும்தான்.

இவ்வளவு பெருமையும் உண்மை. ஆனால் நாள் கணக்கைப் பாருங்கள். ஜீப்பில் ஜின்னு பக்கம் வரை போய், அங்கே நீளமான தொங்கு பாலத்தைத் தாண்டி அன்றே சோம்ரோங் (2,170) ஏறிவிட வேண்டும். மறுநாள் பாம்பூ அல்லது தோவான், அதற்கடுத்து தேவுராலி (3,230), நாலாம் நாள் மச்சபுச்சரே பேஸ் கேம்ப் வழியாக மேலே. ஐந்தாம் நாள் காலையில் மலையைப் பார்த்துவிட்டு ஓட்டமாகக் கீழே பாம்பூ, ஆறாம் நாள் ஜின்னு, ஜீப், பொக்காரா. ஆறும் தீர்ந்தது. மேலே கிடைப்பது ஒரே ஒரு காலை. அது மூடியிருந்தால் நான் திரும்பியது மாதிரி திரும்ப வேண்டியதுதான்.

உயரக் கணக்கும் இடிக்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் ஒவ்வொரு இரவும் தூங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி. தேவுராலியிலிருந்து ஏபிசி 900 மீட்டர். நிறையப் பேர் தாங்கிவிடுகிறார்கள், சிலருக்கு இரவு முழுக்கத் தலைவலி, வாந்தி. நடுவில் 3,700 மீட்டரில் மச்சபுச்சரே பேஸ் கேம்ப்பில் ஒரு இரவு படுத்துவிட்டு இருட்டோடு எழுந்து மேலே நடந்தால் உடம்புக்கு நல்லது, ஆனால் அந்தத் திட்டத்திலும் மேகத்துக்கு மாற்று நாள் கிடையாது. தலைவலியோடு நடை தடுமாறினால் விவாதமே வேண்டாம், அந்த நிமிஷமே இறங்க வேண்டும், இருட்டாக இருந்தாலும் சரி.

இன்னொரு விஷயம், பலர் சொல்லாமல் விடுவது: தேவுராலியைச் சுற்றியுள்ள பகுதி பனிச்சரிவு விழும் இடம். பனி விழுவது பாதையில் அல்ல, கண்ணுக்கே தெரியாத மேல் சரிவில், அங்கே சேர்ந்து மொத்தமாகக் கீழே வரும். 2020 ஜனவரியில் தேவுராலி பக்கம் நாலு தென்கொரியர்களும் மூன்று நேபாளிகளும் அப்படித்தான் போனார்கள். குளிர்காலத்தில், அல்லது புதுப் பனி விழுந்த மறுநாள், அங்கே லாட்ஜ்காரர் 'நாளைக்குப் போகலாம்' என்றால் உங்கள் பஸ் டிக்கெட்டை மறந்துவிட்டு உட்கார வேண்டும். அப்படி உட்காரவும் கையில் ஒரு நாள் வேண்டுமே.

திரும்பி வரும்போது சோம்ரோங் படிகள். போகும்போது அவற்றில் ஆற்றுப் பாலம் வரை ஜாலியாக இறங்கியிருப்பீர்கள், அதையெல்லாம் வட்டியோடு திருப்பி ஏற வேண்டும். எதிரே ஏறி வருபவர்களிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் 'நேபாளி ஃப்ளாட்' என்று சிரிப்பார்கள், கொஞ்சம் ஏற்றம் கொஞ்சம் இறக்கம் என்று அர்த்தம், கொஞ்சம் என்பது அவர்கள் கணக்கு.

சரி, மார்டி ஹிமால். பொக்காராவிலிருந்து கந்தே ஒரு மணி நேரச் சொச்சம், லோக்கல் பஸ் என்றால் பாக்லுங் பஸ் பார்க்கில் ஏற வேண்டும். கந்தேயிலிருந்து ஆஸ்திரேலியன் கேம்ப், போத்தானா, தேவுராலி (ஏபிசி வழியில் வரும் தேவுராலி வேறு, இது வேறு, கணவாய்க்கு நேபாளியில் அந்தப் பேர்தான், மலைக்கு மலை ஒன்று இருக்கும்), அங்கிருந்து அடர்ந்த காட்டுக்குள் ஃபாரஸ்ட் கேம்ப். மறுநாள் லோ கேம்ப் தாண்டி மரங்கள் முடிந்து, 3,200 மீட்டர் சுமாரில் பாதல் டாண்டா என்ற முகட்டில் வெளியே வருவீர்கள். பாதல் என்றால் மேகம், டாண்டா என்றால் முகடு. நல்ல நாளில் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். அதற்கு மேல் ஹை கேம்ப், 3,550 மீட்டர் வாக்கில்.

மார்டியில் எனக்குப் பிடித்தது இந்த முகடுதான். பள்ளத்தாக்கின் அடியில் நடக்கிற ஏபிசி பாதையில் மலை பெரும்பாலும் காட்டுக்கும் மேகத்துக்கும் பின்னாலே இருக்கும், கடைசி நாளில்தான் திறக்கும். முகட்டில் நடந்தால் இரண்டாம் நாள் மதியத்திலிருந்தே இரண்டு பக்கமும் திறந்த வெளி. இடது பக்கம் அன்னபூர்ணா சவுத்தும் ஹியுன்சுலியும், நேரே மச்சபுச்சரே, அதுவும் இவ்வளவு கிட்டத்தில் வேறெந்தச் சுலபமான பாதையிலும் கிடைக்காது. பாதல் டாண்டாவில் ஒரு காலை, ஹை கேம்ப்பில் ஒரு காலை, கூடுதல் நாள் இருந்தால் இன்னொரு காலை. ஒன்று மூடினாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஒற்றைக் காலையை நம்பி ஏமாந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

ஹை கேம்ப் ராத்திரி ஒன்று ஞாபகம் இருக்கிறது. நவம்பர் கடைசி. சாப்பாட்டு அறையில் மட்டும்தான் அடுப்பு, இருபது பேர் அதைச் சுற்றிக் காலை நீட்டிக்கொண்டு, மேலே கயிற்றில் எல்லோருடைய ஈரச் சாக்ஸும் தொங்கிக்கொண்டு, அந்த வாசனையிலேயே தால் பாத் (பருப்பும் சோறும்) சாப்பிட்டோம். படுக்கப் போகும்போது லாட்ஜ் தீதி, அதாவது லாட்ஜ் நடத்தும் அக்கா, என் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி அரைகுறை ஹிந்திதான், ஏன் என்று கேட்டதற்குக் காலையில் பார் என்று கையைக் காட்டினார். காலையில் பார்த்தேன். அடிப்பக்கம், அதாவது தலைகீழாக இருந்ததால் மேலே இருந்த பக்கம், பனிக்கட்டி. மூடிப் பக்கம் தண்ணீர் அப்படியே இருந்தது, திறந்து குடித்தேன். பக்கத்து அறைக்காரர் நேராக நிறுத்திவைத்த பாட்டிலின் மூடியைத் திருகித் திருகிக் கை சிவந்துபோய் நின்றார்.

ஹை கேம்ப்பிலிருந்து விடியும் முன் கிளம்பினால் 4,200 மீட்டர் வாக்கில் வியூ பாயின்ட், இன்னும் தெம்பிருந்தால் 4,500 மீட்டரில் மார்டி பேஸ் கேம்ப். நேர்மையாகச் சொன்னால் வியூ பாயின்ட் போதும், பேஸ் கேம்ப்பில் காட்சி கூடுவதில்லை, முழங்கால் வலிதான் கூடும். தூங்குவது 3,550க்குக் கீழேயே என்பதால் காலையில் ஏறி மதியம் இறங்கிவிடுவது உடம்புக்கும் ஒத்துப்போகும். அப்படியே லோ கேம்ப் வரை இறங்கிவிட்டால் மறுநாள் சிதிங் கிராமம், அங்கே ஜீப். ஐந்து நாளில் சாவகாசமாக முடியும், ஆறாவது நாள் உங்கள் மேகக் காப்பீடு. ஃபாரஸ்ட் கேம்ப்பிலிருந்து ஒரே மூச்சில் ஹை கேம்ப் போகிறவர்கள் இருக்கிறார்கள், 1,000 மீட்டர் ஒரே நாளில், வேண்டாம். லோ கேம்ப்பிலோ பாதல் டாண்டாவிலோ ஒரு இரவு படுங்கள்.

குறையும் இருக்கிறது. முகட்டில் தண்ணீர் கிடையாது, லாட்ஜ்களே கஷ்டப்பட்டுத்தான் கொண்டுவருகின்றன, குளிப்பதை மறந்துவிடுங்கள். அறைகள் குறைவு, சீசனில் ஹை கேம்ப்பில் சாப்பாட்டு அறை பெஞ்சில் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊர்கள் இல்லை, காந்துருக் மாதிரி ஒரு கிராமத்தில் சாயங்காலம் நடந்து பழகும் இன்பம் இங்கே கிடைக்காது. பாதையே 2012 வாக்கில்தான் ட்ரெக்கர்களுக்குத் திறந்தது, அதனால் மற்ற இரண்டு பாதைகள் அளவுக்குச் செதுக்கிய படிகள் எதிர்பார்க்கக் கூடாது, மழை பெய்தால் வேர்களுக்கு நடுவே வழுக்கும் மண்தான். பனி விழுந்த நாளில் வியூ பாயின்ட்டுக்கு மேல் ஒடுங்கிய முகடு ஆபத்து, காலில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக் இல்லாமல் போகாதீர்கள்.

அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி வரும் நீண்ட பாதையான அன்னபூர்ணா சர்க்யூட் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்றால், எட்டு நாளில் அதை முறையாக நடக்க முடியாது, அதனால்தான். அதில் தாண்ட வேண்டிய கணவாய் தோரோங் லா 5,416 மீட்டர், வழியில் மனாங் ஊரில் உடம்பை உயரத்துக்குப் பழக்காமல் அதை ஏறக் கூடாது. ஜீப்பில் பாதியைத் தாண்டி அவசரமாக முடிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. 2014 அக்டோபரில் அந்தப் பக்கத்தில் ஹுட்ஹுட் புயலின் மிச்சம் பனிப்புயலாக மாறி நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அதுவும் வானிலை நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நம்பும் மாதத்தில். அங்கே ஒரு நாள் கையில் வைத்திருப்பது உயிர் விஷயம். முக்திநாத் மட்டும் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு கதை. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று இதையே கொள்கிறார்கள், பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வழியாக ஜீப்பிலேயே போய் வரலாம். பொக்காரா-ஜோம்சோம் விமானம் இருபது நிமிஷம்தான், ஆனால் காளி கண்டகி பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று எழுந்துவிடும் என்பதால் காலையில் மட்டும் பறக்கும், மேகம் இருந்தால் அதுவும் இல்லை. ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு கிடைக்கும் என்பவர்களுக்கு இந்தப் பக்கம்தான் சரி, மலைக்குப் பின்னால் மழை மறைவுப் பகுதி. அதே மாதங்களில் பூன் ஹில்லுக்கும் மார்டிக்கும் போனால் அட்டைகளுக்கு அன்னதானம்.

கைடு வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு ட்ரெக்கர்கள் கைடு இல்லாமல் இந்தப் பாதைகளில் போகக் கூடாது என்று விதி. பாதையில் தனியாக நடப்பவர்கள் கண்ணில் படத்தான் செய்கிறார்கள், அதை வைத்து நீங்களும் போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பினால் போனது உங்கள் நாள். நாளுக்கு 25 முதல் 35 டாலர் கேட்பார்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிரித்துக்கொண்டால் பாரமாகத் தெரியாது. என் அனுபவத்தில் கைடின் பெரிய உபயோகம் வழி காட்டுவதில்லை. சீசனில் மேலே போன் பண்ணி அறை பிடித்துவைப்பதும், நம் முகத்தைப் பார்த்தே 'இன்றைக்கு இதுக்கு மேல் வேண்டாம்' என்று சொல்வதும்தான். நேபாளியில் அண்ணனுக்குத் 'தாய்' என்று பேர், மீசை வைத்த ஆளைப் பார்த்து அப்படிக் கூப்பிட முதல் நாள் நாக்கே வராது, மூன்றாம் நாள் பழகிவிடும்.

பெர்மிட் விஷயம் சுருக்கமாக: அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அனுமதிக்கு வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியா, இலங்கை உட்பட சார்க் நாட்டவருக்கு 1,000. டிம்ஸ் (ட்ரெக்கர் பதிவு) அட்டைக்கு 2,000, சார்க் என்றால் 1,000. பொக்காராவில் டேம்சைடு பக்கம் இருக்கும் சுற்றுலா அலுவலகத்தில் வாங்கலாம். பெர்மிட் இல்லாமல் செக்போஸ்ட்டில் மாட்டினால் இரண்டு மடங்கு. இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதாரை நம்பிப் போகாதீர்கள். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், பல வருடமாக மாறாத விகிதம். மலையில் எனக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 3,000 நேபாள ரூபாய் ஆனது, கைடு தவிர. அறை வாடகை சொற்பம், ஆனால் தங்கும் இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம், லாட்ஜின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஏறஏறச் சாப்பாட்டு விலையும் ஏறும், தூக்கிக்கொண்டு வந்த முதுகுக்கான கூலி அது. தால் பாத் மட்டும் போதும் போதும் என்கிற வரை போடுவார்கள். பணத்தை முழுசாக பொக்காராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்வதில் இரண்டு வழி. காட்மாண்டுவிலிருந்து 200 கிலோமீட்டர், சாலை வேலை நடக்கும் லட்சணத்தைப் பொறுத்து ஏழு மணி நேரமோ பத்து மணி நேரமோ ஆகும். விமானம் அரை மணி. 2023 ஜனவரி 1 அன்றுதான் புது விமான நிலையம் திறந்தது, இரண்டே வாரத்தில் அங்கே இறங்கவிருந்த விமானம் விழுந்து 72 பேர் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்களை 2013லிருந்து தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. சாலை மட்டும் பத்திரமா என்றால், 2024 ஜூலையில் இரண்டு பஸ்கள் மண்சரிவோடு திரிசூலி ஆற்றுக்குள் போயின. என் முடிவு: மழைக்காலம் இல்லையென்றால் பகல் பஸ், ஜன்னல் ஓரம். ராத்திரி பஸ் எப்போதும் வேண்டாம். கோரக்பூர் வரை ரயிலில் வருபவர்கள் சுனவுலியில் எல்லை தாண்டி அங்கிருந்து பால்பா வழியாக நேராக பொக்காரா வந்துவிடலாம், 180 கிலோமீட்டர் சுமார், காட்மாண்டு போகவே தேவையில்லை.

தங்குவதற்கு எல்லோரும் லேக்சைடு என்பார்கள். நடுவில் ஹல்லன் சௌக் பக்கம் என்றால் சட்டை துவைக்க, ஜாக்கெட் வாடகைக்கு எடுக்க, காபி குடிக்க எல்லாம் நாலடியில், ஆனால் ராத்திரி லைவ் மியூசிக் ஜன்னல் வழியே வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். வடக்கே கஹரே, சேதி பக்கம் போனால் அமைதி, விலையும் குறைவு, தவளைச் சத்தம் இலவசம். நடைக்கு முந்தைய இரவு நடு லேக்சைடும் நடை முடிந்த பிறகு வடக்குப் பக்கமும் என்று நான் பிரித்துக்கொள்வேன். இன்னும் அமைதி வேண்டும் என்றால் கிழக்கே பெக்னாஸ் ஏரி, ஆனால் எட்டு நாள் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

வாடகைக்கு ஸ்லீப்பிங் பேக் எடுக்கும்போது கடையிலேயே முழுசாக விரித்து, உள்ளே படுத்து, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துப் பாருங்கள், கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை. நான் சிரிப்புக்குக் கூச்சப்பட்டு ஒரு கடையில் அப்படியே சுருட்டி வாங்கிக்கொண்டு போய், தேவுராலியில் ஜிப் இடுப்புக்கு மேல் வரவே வராது என்று கண்டுபிடித்தேன்.

ஆக, எட்டு நாள், முதல் தடவை, ஓரளவு நடக்கிற கால் என்றால் மார்டி. ஏப்ரல் என்றாலோ, கூட அப்பா அம்மா வந்தாலோ பூன் ஹில். ஏபிசிதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் பத்து நாளாக லீவைக் கூட்டுங்கள், கூட்ட முடியவில்லை என்றால் அடுத்த வருடத்துக்கு வையுங்கள். மூன்றில் எதுவானாலும் திரும்பும் பஸ்ஸை மட்டும் மலையிலிருந்து இறங்கிய பிறகு புக் பண்ணுங்கள். பொக்காராவிலிருந்து காலையில் பஸ்கள் வரிசையாகக் கிளம்புகின்றன, முந்தைய சாயங்காலம் கேட்டால்கூடப் பெரும்பாலும் ஒரு சீட் இருக்கும்.